நீர் விநியோகக் குழாய்களில் இயந்திரக் கற்றல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வுகள் இப்போது எந்த வேலைகளைச் சுற்றி நடக்கின்றன?

கசிவையும் உடைப்பையும் கண்டறிந்து இடம் குறிப்பது, நீர்த்தேவையை முன்கூட்டியே கணிப்பது, சென்சார் இல்லாத இடங்களின் அழுத்தத்தை மதிப்பிடுவது, எந்தக் குழாயை முதலில் மாற்றுவது என்று வரிசைப்படுத்துவது, பம்புகளை இயக்குவது. பெரும்பாலான கட்டுரைகள் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். குளோரின் அளவைக் கணிப்பதும், ஸ்காடா (பம்பு, வால்வுகளைத் தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் கணினி அமைப்பு) மீதான தாக்குதலைக் கண்டறிவதும் சற்றே சிறிய கிளைகள்.

வேலைகள் அதிகம் மாறவில்லை, அணுகுமுறைதான் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு சென்சாரையும் தனியொரு எண் வரிசையாகப் பார்த்தார்கள். இப்போது எந்தக் குழாய் எதோடு சேர்கிறது, நீர் எந்த விதிப்படி ஓடுகிறது என்பதையும் மாடலுக்குள் கொண்டுவரப் பார்க்கிறார்கள். இங்கே தரவு குறைவு, இயற்பியல் நன்றாகத் தெரியும். படங்களிலும் மொழியிலும் நிலைமை இதற்கு நேர்மாறு. அங்கே வென்ற உத்தியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் எடுபடாததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஈபாநெட் இருக்கும்போது இயந்திரக் கற்றல் எதற்கு?

ஈபாநெட் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-இல் வெளியிட்ட இலவச சிமுலேட்டர். 2000-இல் வந்த இரண்டாம் பதிப்புதான் உலகெங்கும் பரவியது. 2020-இல் வந்த 2.2 பதிப்பில், அழுத்தம் குறைந்தால் விநியோகமும் குறைவதைக் கணக்கிடும் வசதி சேர்ந்தது. குழாய்களின் நீளம், விட்டம், உட்புறச் சொரசொரப்பு, ஒவ்வொரு சந்திப்பிலும் எடுக்கப்படும் நீர் ஆகியவற்றைக் கொடுத்தால் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அது சரியாகச் சொல்லிவிடும்.

நீளமும் விட்டமும் ஓரளவுக்குத் தெரியும். சொரசொரப்பு தெரியாது, இந்த நிமிடம் எந்தத் தெருவில் எவ்வளவு நீர் எடுக்கிறார்கள் என்பது தெரியாது, எந்த வால்வு பாதி மூடிக் கிடக்கிறது என்பதும் தெரியாது. இருக்கும் சில சென்சார்களின் அளவுகளை வைத்துக்கொண்டு இவற்றைப் பின்னோக்கி ஊகிப்பதுதான் இயந்திரக் கற்றலின் வேலை.

சிமுலேட்டருக்குப் பதிலாகவே ஒரு நியூரல் நெட்வொர்க்கை வைக்கும் ‘சர்ரகேட்’ ஆய்வுகளும் நிறைய வருகின்றன. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில ஆயிரம் சந்திப்புகள் உள்ள வலையமைப்பின் ஒரு நேரப்புள்ளியை ஈபாநெட் கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்த்துவிடும். ஒரு தடவை ஓட்ட சர்ரகேட் தேவையே இல்லை. வடிவமைப்பு உகப்பாக்கம், நிச்சயமின்மைக் கணக்கு என்று லட்சக்கணக்கான தடவை ஓட்ட வேண்டிய இடத்தில்தான் அது லாபம். வேக ஒப்பீட்டைப் படிக்கும்போது, பயிற்சிக்கான சிமுலேஷன்களை உருவாக்க ஆன நேரத்தையும் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் சேர்த்திருக்க மாட்டார்கள்.

அழுத்த சென்சாரால் எவ்வளவு சிறிய கசிவைப் பிடிக்க முடியும்?

எண்களைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். 150 மி.மீ. விட்டம், 1,000 மீட்டர் நீளம், ஹேசன்-வில்லியம்ஸ் குணகம் (உட்புற வழவழப்பைக் குறிக்கும் எண்) 120 உள்ள குழாயை எடுத்துக்கொள்வோம். பகலில் நொடிக்கு 10 லிட்டர் ஓடினால் உராய்வால் ஏற்படும் அழுத்த இழப்பு, நீர்மட்ட உயரக் கணக்கில், சுமார் 3.07 மீட்டர். கடைசியில் நொடிக்கு 1 லிட்டர் கசிவு சேர்ந்தால் இழப்பு 3.66 மீட்டராகும். அதாவது சென்சாரில் தெரியும் வீழ்ச்சி ஏறக்குறைய 0.6 மீட்டர்.

அதே குழாயில் இரவு 3 மணிக்கு நொடிக்கு 2 லிட்டர்தான் ஓடுகிறது என்றால் இழப்பு 0.16 மீட்டர், கசிவு சேர்ந்தால் 0.33 மீட்டர். வித்தியாசம் வெறும் 17 செ.மீ. 100 மீட்டர் வரை அளக்கும், 0.25 சதவீதத் துல்லியம் கொண்ட சென்சாரின் பிழையே 25 செ.மீ. கசிவின் அடையாளம் கருவியின் பிழைக்குள் மூழ்கிவிடுகிறது.

அப்படியானால் பகல்தான் நல்லதா என்றால், பகலில் மக்களின் பயன்பாடு ஏறி இறங்குவதே அழுத்தத்தை 0.6 மீட்டருக்கு மேல் ஆட்டிவிடும். ஓட்ட மீட்டரில் கதை தலைகீழ்: பகலில் அந்த 1 லிட்டர் 10 சதவீத மாற்றம், இரவில் 50 சதவீதம். அதனால்தான் ‘கசிவு இருக்கிறதா’ என்ற கேள்வியை இரவு 2 மணி முதல் 4 மணி வரையிலான குறைந்தபட்ச ஓட்டத்திடம் கேட்கிறார்கள். ‘எங்கே’ என்ற கேள்வியை அழுத்த சென்சார்களிடம், பல நாள் சராசரியோடு கேட்கிறார்கள். இரண்டையும் ஒரே மாடலில் திணித்து ஒரே எண்ணில் பதில் கேட்கும் ஆய்வுகள் பெரும்பாலும் எதிலும் தேறுவதில்லை.

மீட்டரின் பல்ஸ் அளவையும் பார்க்க வேண்டும். 100 லிட்டருக்கு ஒரு பல்ஸ் அனுப்பும் மீட்டரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால், மிகச் சிறிய படியே நொடிக்கு 0.33 லிட்டர். ஒரே ஒரு 5 நிமிட அளவை வைத்து அதற்குக் கீழே உள்ள கசிவைப் பிடித்ததாக மாடல் சொன்னால் அது எதையோ மனப்பாடம் செய்திருக்கிறது என்று பொருள்.

கிராஃப் நியூரல் நெட்வொர்க் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

குழாய் வலையமைப்பே ஒரு கிராஃப் என்பதால். சந்திப்புகள் புள்ளிகள், குழாய்கள் கோடுகள். சென்சார் உள்ள சில புள்ளிகளின் அழுத்தத்தைக் கொடுத்து மற்ற எல்லாப் புள்ளிகளின் அழுத்தத்தையும் கேட்பது இதன் மிக இயல்பான பயன்பாடு. எவ்வளவு கடினம் என்பதற்கு எல்-டவுன் எனும் பொதுச் சோதனை வலையமைப்பே சான்று: 782 சந்திப்புகளுக்கு 33 அழுத்த சென்சார்கள், அதாவது சுமார் 4 சதவீதம்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சமூக வலைத்தளக் கிராஃபில் யாரிடமிருந்தும் யாருக்கும் சில தாவல்களில் போய்விடலாம். குழாய் வலையமைப்பில் ஒரு சந்திப்பில் சேரும் குழாய்கள் சராசரியாக இரண்டு, மூன்றுதான். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகப் பல பத்துத் தாவல்கள் ஆகும். இந்த நெட்வொர்க்கின் ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு புள்ளி தன் பக்கத்துப் புள்ளிகளிடம் மட்டுமே செய்தி வாங்கும், அதனால் ஒரு அடுக்குக்கு ஒரு தாவல்தான் செய்தி நகரும். 60 தாவல் தொலைவிலுள்ள சென்சாரின் செய்தி வந்துசேர 60 அடுக்குகள் வேண்டும். அத்தனை அடுக்கு போட்டால் எல்லாப் புள்ளிகளின் மதிப்பும் ஒன்றுபோலக் குழைந்துவிடும். மூன்று, நான்கு அடுக்கோடு நிறுத்தினால் சென்சாருக்குத் தொலைவில் உள்ள சந்திப்புகளுக்கு மாடல் வெறும் சராசரியைத்தான் சொல்லும்.

இதற்கு மூன்று வழிகளில் தீர்வு தேடுகிறார்கள். அடுக்குகளுக்கு இடையே ரெசிடுவல் இணைப்பு (அடுக்கின் உள்ளீட்டை அதன் வெளியீட்டோடு கூட்டுவது) போடுவது ஒன்று. ஒரே எடைகள் கொண்ட அடுக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது இன்னொன்று. தொலைவான சந்திப்புகளுக்கு இடையே செயற்கையாகக் கோடு இழுப்பது மூன்றாவது. பயிற்சியின்போது சென்சார் இருக்கும் இடங்களை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றி மாற்றி மறைப்பதும் நல்ல பலன் தருகிறது: நாளை ஒரு சென்சார் பழுதானால் மாடலை மறுபடி பயிற்றுவிக்க வேண்டியதில்லை.

கட்டுரையில் சராசரிப் பிழையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சென்சாரிலிருந்து எத்தனை தாவல் தொலைவில் பிழை எவ்வளவு என்று பிரித்துக் காட்டியிருந்தால்தான் அது நம்பத்தக்க முடிவு.

இயற்பியலை மாடலுக்குள் வைப்பது என்றால் நடைமுறையில் என்ன செய்கிறார்கள்?

பயிற்சியின் இழப்புச் சார்பில் (மாடலின் பிழையை அளக்கும் கணக்கில்) இரண்டு தண்டனைகள் சேர்க்கிறார்கள். ஒரு சந்திப்புக்குள் வரும் நீரும் வெளியேறும் நீரும் சமமாக இல்லாவிட்டால் ஒன்று. குழாயின் இரு முனைகளுக்கும் இடையிலான அழுத்த இழப்பு ஹேசன்-வில்லியம்ஸ் சமன்பாட்டோடு ஒத்துப்போகாவிட்டால் மற்றொன்று. இதனால் சிமுலேட்டர் தரும் விடைகளே இல்லாமல், விதிகளை மட்டும் வைத்தும் பயிற்றுவிக்க முடிகிறது.

சிக்கல் அளவுகோலில் வருகிறது. குழாயின் அழுத்த இழப்பு, ஓட்டத்தின் 1.852 அடுக்காகவும் விட்டத்தின் 4.871 அடுக்குக்கு நேர்மாறாகவும் மாறுகிறது. 80 மி.மீ. குழாயின் பிழையும் 600 மி.மீ. குழாயின் பிழையும் ஒரே கூட்டலில் சேரும்போது பெரியது சிறியதை விழுங்கிவிடும். அலகுகளை நீக்கிச் சீராக்காமல் பயிற்றுவித்தால் மாடல் தேறாது. எடைகளைக் கையால் திருகித் திருகித் தேறவைத்தால் அடுத்த வலையமைப்பில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓட்டம் பூஜ்ஜியத்துக்கு அருகில் வரும் வளையக் குழாய்களில் திசை மாறும் இடமும் தொல்லை தரும்.

சிமுலேஷனில் 98 சதவீதம், களத்தில் படுதோல்வி. ஏன்?

சிமுலேஷனில் கசிவைத் தவிர மற்றதெல்லாம் சரியாக இருக்கும். களத்தில் கசிவு ஒன்றுதான் தவறு என்று யார் சொன்னது? அடிக்கடி காண்பவை இவை:

- வரைபடத்தில் திறந்திருக்கும் வால்வு தரையடியில் மூடியிருக்கும். மாடல் அதைக் கசிவு என்றே சொல்லும்.
- சென்சார் வைத்த இடத்தின் உயரம் 1 மீட்டர் பிசகினால் அழுத்தமும் அதே 1 மீட்டர் பிசகும். மேலே பார்த்த 0.6 மீட்டர் அடையாளத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.
- லாகரின் (சென்சார் அளவுகளைப் பதிந்துவைக்கும் கருவி) கடிகாரம் மெல்ல நகர்ந்துபோகும். கோடைகால நேரமாற்றம் உள்ள இடங்களில் ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு மணி நேரம் புரளும்.
- பேட்டரி தீரும் தறுவாயில் சென்சார் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்பும்.
- பக்கத்து மண்டலத்தோடு (நுழைவாயில் மீட்டர் வைத்துத் தனியாக அளக்கப்படும் பகுதி) தெரியாமல் ஓர் இணைப்பு இருக்கும்.

ஆய்வில் இதற்குச் செய்வது, பயிற்சித் தரவிலேயே குழப்பத்தைக் கலப்பது. ஒவ்வொரு சிமுலேஷனிலும் தேவை, சொரசொரப்பு, தொட்டி மட்டம், வால்வு நிலை, சென்சார் பிழை எல்லாவற்றையும் சீரற்று மாற்றி ஓட்டுகிறார்கள். சிமுலேஷன் மாடலையும் நிஜத்தையும் நேரடியாக ஒப்பிடாமல், ஒவ்வொரு சென்சாரும் தன் வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை மட்டும் உள்ளீடாகக் கொடுத்தால் நிலையான உயரப் பிழைகள் பெருமளவு கழிந்துவிடும். எளிய தந்திரம், ஆனால் பல ஆழக் கற்றல் அடுக்குகளைவிட இதனால் பலன் அதிகம்.

எந்த மதிப்பீட்டு எண்ணை நம்பலாம்?

‘அக்யூரஸி’யை மட்டும் நம்பாதீர்கள். 5 நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 1,05,120 அளவுகள். 20 உடைப்புகள் நடந்து, ஒவ்வொன்றும் 12 மணி நேரத்தில் சரிசெய்யப்பட்டால் உடைப்பு நேர அளவுகள் 2,880. எப்போதும் ‘உடைப்பு இல்லை’ என்று மட்டும் சொல்லும் ஒரு வரி நிரலுக்கே 97.3 சதவீத அக்யூரஸி கிடைத்துவிடும்.

கேட்க வேண்டியவை: உடைப்பு தொடங்கி எத்தனை மணி நேரத்தில் தெரிந்தது, குறித்த இடம் எத்தனை மீட்டர் தள்ளி, வாரத்துக்கு எத்தனை பொய் எச்சரிக்கை. பொய் எச்சரிக்கை 1 சதவீதம் என்றால் குறைவாகத் தோன்றும். 5 நிமிடத்துக்கு ஒரு தடவை சோதித்தால் மண்டலத்துக்கு நாளுக்கு ஏறக்குறைய மூன்று (2.88). 50 மண்டலங்களுக்கு 144. மூன்றாம் நாளே கட்டுப்பாட்டு அறையில் அந்தத் திரையை அணைத்துவிடுவார்கள்.

கசிவு கண்டறியும் முறைகளுக்காக 2020-இல் நடந்த பேட்டில்டிம் போட்டி இதை நன்றாகக் கையாண்டது. சேமித்த நீரின் மதிப்பிலிருந்து, அனுப்பிய பழுதுபார்ப்புக் குழுவின் செலவைக் கழித்து மதிப்பெண் போட்டார்கள். 300 மீட்டருக்கு அப்பால் குறித்தால் கண்டுபிடித்ததாகக் கணக்கில்லை. மேலே சொன்ன எல்-டவுன் அந்தப் போட்டிக்கு உருவாக்கப்பட்டதுதான். திடீர் உடைப்புகளோடு, மாதக்கணக்கில் மெல்ல வளரும் கசிவுகளும் அதில் இருக்கின்றன. மெல்ல வளர்பவைதான் மாடல்களைக் கவிழ்க்கின்றன: அண்மைக் காலத் தரவைக் கொண்டு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் மாடல், கசிவையும் சேர்த்து ‘இயல்பு’ என்று கற்றுக்கொண்டுவிடும்.

ஒலிப் பதிவை வைத்துக் கசிவைக் கண்டறியும் ஆய்வுகள் 99 சதவீதம் என்கின்றன. நம்பலாமா?

பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவை எப்படிப் பிரித்தார்கள் என்று முதலில் பாருங்கள். ஓரிடத்தில் எடுத்த ஒரு மணி நேரப் பதிவை ஒரு நொடித் துண்டுகளாக வெட்டி, துண்டுகளைக் கலைத்துப் பிரித்தால் இரண்டு பக்கமும் அதே குழாய், அதே கசிவு, அதே பின்னணி இரைச்சல்தான். மாடல் கற்றது கசிவையல்ல, அந்த இடத்தை. இடவாரியாகப் பிரித்துச் சோதித்தால் எண் கணிசமாகக் குறையும். உலோகக் குழாயில் பயின்றதைப் பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் இன்னும் குறையும். பிளாஸ்டிக்கில் உயர் அதிர்வெண்கள் சில மீட்டரிலேயே மடிந்துபோகின்றன.

அழுத்த அலைகளை வைத்து இடம் குறிக்கும் முறையில் நேர ஒத்திசைவுதான் உயிர். உலோகக் குழாயில் அலை நொடிக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் ஓடும். இரண்டு லாகர்களின் கடிகாரங்கள் 10 மில்லிநொடி பிசகினால் இடம் 5 மீட்டர் பிசகும். ஒரு நொடி பிசகினால் 500 மீட்டர். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் லாகருக்கு அந்த அலை வந்துபோனதே தெரியாது.

தேவையை முன்கணிக்க டிரான்ஸ்ஃபார்மர் மாடல் வேண்டுமா?

சாட்பாட்களுக்கு அடிப்படையான அந்த நியூரல் நெட்வொர்க் வகை பெரும்பாலும் வேண்டாம். முதலில் ‘போன வாரம் இதே நாள் இதே மணி’ என்ற கணிப்பை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்து 1, 24, 168 மணி நேரத்துக்கு முந்தைய அளவுகள், கிழமை, விடுமுறை, வெப்பநிலை, மழை ஆகியவற்றைக் கொண்டு எக்ஸ்ஜிபூஸ்ட் போன்ற மர மாடல் (பல முடிவு மரங்களைக் கூட்டிக் கணிப்பது). ஆயிரம் வீடுகளுக்கு மேற்பட்ட மண்டலத்தில் இந்த இரண்டாவதைத் தாண்டுவது கடினம். இதில் ஒரு பொறி: வெப்பநிலையில் நடந்து முடிந்த உண்மை அளவைக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். நாளையக் கணிப்புக்கு நாளைய வெப்பநிலை யாரிடமும் இருக்காது. வானிலை முன்னறிவிப்பைத்தான் கொடுக்க வேண்டும்.

பல துறைகளின் காலத்தொடர்களில் முன்பயிற்சி பெற்ற பெரிய மாடல்கள் அண்மை ஆண்டுகளில் பேசப்படுகின்றன. வரலாற்றுத் தரவே இல்லாத புது மண்டலத்துக்கு அவை உதவக்கூடும். ஓர் எண்ணுக்குப் பதில் ஒரு வரம்பைக் கணிப்பதும் வளரும் போக்கு. பம்ப் இயக்குபவருக்கு அதுதான் பயன்படும், ஏனெனில் தொட்டி வற்றிவிடாமல் பார்ப்பது மேல் வரம்பை வைத்துத்தான்.

எந்தக் குழாய் உடையும் என்று சொல்ல முடியுமா?

தனியொரு குழாய்க்குத் தேதி சொல்ல முடியாது. வரிசைப்படுத்த முடியும். முந்தைய உடைப்புகளின் எண்ணிக்கைதான் பொதுவாக வலுவான அறிகுறி. பிறகு பொருள், விட்டம், பதித்த ஆண்டு, அழுத்த ஏற்ற இறக்கம், மண். நீளத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் நீளமான குழாய்கள் எல்லாம் பட்டியலின் மேலே வந்து நிற்கும்.

தரவில் ஒளிந்திருக்கும் கோளாறு இரண்டு. குழாய் 1960-இல் பதிக்கப்பட்டு, உடைப்புப் பதிவேடு 2005-இல் தொடங்கியிருந்தால் இடையில் உள்ள 45 ஆண்டு உடைப்புகள் தெரியாது. சர்வைவல் மாடலில் (எவ்வளவு காலம் தாங்கும் என்று கணக்கிடுவது) அதை இடப்பக்கத் துண்டிப்பாகக் குறிக்க வேண்டும். இரண்டாவது, மாற்றப்பட்ட குழாய்களை வரைபடத்திலிருந்து அழித்துவிடுகிறார்கள். மிஞ்சியவை உடையாத பழைய குழாய்கள்; ‘வயது கூடினால் உறுதி கூடும்’ என்று மாடல் கற்றுக்கொள்ளும். சோதனையைக் காலவாரியாகச் செய்யுங்கள்: 2018 வரை பயிற்சி, 2019 முதல் சோதனை, பட்டியலின் முதல் 5 சதவீத நீளத்தில் எத்தனை உடைப்புகள் விழுந்தன என்ற கேள்வி.

பம்பை ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்கிடம் ஒப்படைக்கலாமா?

முயன்று பார்த்துத் தானே கற்கும் அந்த முறையிடம் நேரடியாகக் கூடாது. தொட்டி மட்டம், குறைந்தபட்ச அழுத்தம், ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை பம்பை நிறுத்தி ஓட்டலாம் என்ற வரம்புகளைக் கடுமையான விதிகளாக வெளியே வைத்து, அதற்குள் மட்டும் பரிந்துரைக்க விடலாம். ஓரிரண்டு பம்ப் நிலையங்களுக்குப் பழைய உகப்பாக்க முறைகளே ஏறக்குறைய அதே மின்சேமிப்பைத் தரும், அதுவும் காரணத்தோடு.

ஸ்காடா தாக்குதலைக் கண்டறியும் ஆய்வுகள்?

நீர் வலையமைப்புத் தாக்குதலைக் கண்டறியும் பட்டடால் போட்டியின் தரவும், சிங்கப்பூர் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தின் ஸ்வாட், வாடி சோதனைக் கூடங்களின் தரவும் பரவலாகப் பயன்படுகின்றன. தாக்குதல் நீடித்த நேரத்தில் ஒரு புள்ளியைப் பிடித்தாலே முழுவதையும் பிடித்ததாகக் கணக்கிடும் ‘பாயின்ட் அட்ஜஸ்ட்’ முறையில் வந்த மதிப்பெண்களை ஒதுக்கிவிடுங்கள். அந்த முறையில் சீரற்ற ஊகமே உயர்ந்த மதிப்பெண் வாங்கும்.

நாள் முழுதும் நீர் வராத வலையமைப்புகளுக்கு இவை பொருந்துமா?

பெரும்பாலானவை பொருந்தா. ஈபாநெட் குழாய் எப்போதும் நிறைந்திருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. காலிக் குழாய் நிறைவதை அது கணக்கிடாது. இரவு குறைந்தபட்ச ஓட்டம் என்ற ஒன்றே இருக்காது. வீட்டுத் தொட்டிகள் நிறையும் வரை எல்லாக் குழாயும் திறந்தே இருக்கும். மழைநீர் வடிகாலுக்கான சிமுலேட்டர்களைக் கொண்டு இதைக் கணக்கிடும் முயற்சிகள் நடக்கின்றன. புதிதாக ஆய்வுக்கு வருபவருக்கு, எல்-டவுனில் இன்னொரு கிராஃப் மாடலைச் சோதிப்பதைவிட இது பெரிய வெற்றிடம்.

சாட்பாட் மாடல்கள் எதற்குப் பயன்படும்?

பழுதுப் பதிவேட்டில் கையால் எழுதிய குறிப்புகளை ‘உடைப்பு, மூட்டுக் கசிவு, வால்வு’ என்று வகைப்படுத்த நன்றாக உதவும். ஈபாநெட் உள்ளீட்டுக் கோப்பை எழுதவைத்தால் ஓட்ட அலகைச் சரிபாருங்கள்: நொடிக்கு லிட்டருக்குப் பதில் நிமிடத்துக்கு கேலன் என்று இருந்தாலும் சிமுலேஷன் பிழையின்றி ஓடும், விடை மட்டும் அபத்தமாக இருக்கும்.

ஒரே ஒரு மண்டலத்தோடு தொடங்க வேண்டும் என்றால்?

எல்லை வால்வுகளையும் நுழைவாயிலையும் மூடி அழுத்தம் பூஜ்ஜியத்துக்கு இறங்குகிறதா என்று பார்த்து, மண்டலம் உண்மையிலேயே தனித்திருக்கிறது என்பதை உறுதிசெய்யுங்கள். நுழைவாயில் மீட்டரை 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது படியுங்கள். அழுத்த சென்சார்கள் மூன்று போதும்: நுழைவாயில், மிக உயரமான இடம், மிகத் தொலைவான முனை. மூன்று மாதத் தரவு சேர்ந்ததும் இரவு ஓட்டத்துக்கு ஒரு எளிய வரம்பு வைத்து அதையே ஒப்பீட்டு அளவுகோலாகக் கொள்ளுங்கள். இரவில் தீயணைப்பு முனையைச் சில மணி நேரம் அளந்து திறந்து செயற்கைக் கசிவு உண்டாக்கி, எத்தனை லிட்டரில் எச்சரிக்கை வருகிறது என்று பாருங்கள். அதன் பிறகுதான் மாடல். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் குழு போய்ப் பார்த்தது என்ன, எந்தக் குழாய், எத்தனை மணிக்குச் சரியானது என்று பணித்தாளில் ஒரு பத்தி சேர்த்து நிரப்பச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டுப் பயிற்சிக்கான லேபிள்கள் அதிலிருந்துதான் வர வேண்டும்.